அப்பாவுக்கு 44, அண்ணனுக்கு 41: பரம்பரையாக வரும் ரத்தக் கொழுப்பு

கேள்வி: நான் 34 வயதுப் பெண். ஒல்லியான உடம்பு. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. என் அப்பா 44 வயதில் மாரடைப்பில் இறந்தார். போன வருடம் அண்ணனுக்கு 41 வயதில் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பயந்துபோய் நானும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். மொத்த கொலஸ்ட்ரால் 324, கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 248, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற ஹெச்டிஎல் 52, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு 118. தைராய்டு சரியாக இருக்கிறது. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்றார். நான் மாத்திரையைத் தொடவில்லை. ஆறு மாதம் உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியுமாக இருந்துவிட்டு மறுபடி பார்த்தால் எல்டிஎல் 229. எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, மாத்திரை அவசியம்தானா? 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கும் பார்க்க வேண்டுமா? 29 வயதுத் தம்பி, "தெரிந்து என்ன ஆகப்போகிறது, இருக்கிற நிம்மதியும் போகும்" என்று பரிசோதனைக்கே வர மறுக்கிறான். இன்னொன்று, அண்ணனுக்குக் குதிகாலுக்கு மேலே பின்பக்கம் இரண்டு காலிலும் தடித்துக் கட்டியாக இருக்கிறது. செருப்பு உரசி வந்தது என்றே நினைத்திருந்தோம்.

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அண்ணனின் குதிகால் தடிப்பு, அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மற்ற கேள்விகளுக்கான பதில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

செருப்பு உரசினால் தோல் காய்த்துப்போகும். தோலுக்கு அடியில், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கிற தசைநாண் இரண்டு காலிலும் ஒரே மாதிரி தடிக்காது. வருடக்கணக்கில் ரத்தத்தில் எல்டிஎல் மிக அதிகமாக ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் கொலஸ்ட்ரால் தசைநாண்களில் போய்ப் படியும். இதைச் சாந்தோமா என்போம். குதிகாலில் அதிகம் வரும்; விரல்களை நீட்டுகிற தசைநாண்களில், புறங்கை முட்டிகளுக்கு மேலேயும் வரும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனாலேயே யாரும் டாக்டரிடம் காட்டுவதில்லை. இதய சிகிச்சைக்கு வந்தவரின் குதிகாலைத் தொட்டுப் பார்க்க எங்களில் பலருக்கும் தோன்றுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1930களின் இறுதியில் நார்வே மருத்துவர் கார்ல் முல்லர், இந்தத் தடிப்பும் அதிகக் கொலஸ்ட்ராலும் இளவயது இதய நோயும் ஒரே குடும்பங்களில் சேர்ந்து வருவதை எழுதி வைத்தார். உங்கள் வீட்டில் இருப்பதும் அதே மூன்றுதான்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது. அண்ணனின் காலை ஒரு மருத்துவர் பார்த்து உறுதி செய்யட்டும். ஆனால் அது சாந்தோமாதான் என்றால் மிச்சம் சந்தேகம் அதிகமில்லை. பிரிட்டனில் பயன்படுத்தும் சைமன் புரூம் அளவுகோலின்படி, பெரியவர் ஒருவருக்கு எல்டிஎல் 190க்கு மேல் இருந்து, அவருக்கோ அவருடைய நெருங்கிய ரத்த உறவுக்கோ தசைநாணில் சாந்தோமா இருந்தால், அது குடும்பவழி உயர் கொலஸ்ட்ரால் நோய் என்று உறுதியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஃபெமிலியல் ஹைப்பர்கொலஸ்ட்ரோலீமியா என்பது முழுப்பெயர். ரிப்போர்ட்டுகளில் எஃப்ஹெச் என்று இருக்கும். இது ஒன்றும் அபூர்வ நோயல்ல. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் தனக்கு இருப்பதே தெரியாது.

இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1970களில் இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு வழிகாட்டியது இந்த நோயுள்ளவர்களின் செல்கள்தான். 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பியைச் செய்யும் மரபணு நமக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒன்று பழுதாக இருந்தால், வேலை செய்கிற ஏற்பிகள் ஏறக்குறைய பாதியாகிவிடும். எல்டிஎல் வெளியேற முடியாமல், வழக்கத்தைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சில குடும்பங்களில் பழுது ஏற்பியில் இருக்காது. எல்டிஎல்லின் மேல் இருக்கும் அபோபி என்ற புரதத்திலோ, ஏற்பிகளை அழிக்கிற பிசிஎஸ்கே9 என்ற புரதத்திலோ இருக்கும். விளைவு ஒன்றுதான்.

ஆறு மாதக் கட்டுப்பாடு ஏன் 248ஐ 229க்கு மட்டும் இறக்கியது என்பது இப்போது புரியும். குப்பை அள்ளுகிறவர்களில் பாதிப் பேர் வராத தெருவில் நீங்கள் குப்பை போடுவதைக் குறைத்துக்கொண்டீர்கள். கொஞ்சம் பலன் உண்டு, தெரு சுத்தமாகாது. சுமார் 8 சதவீதம் குறைந்திருக்கிறது, இது நீங்கள் உண்மையாகவே கட்டுப்பாடாக இருந்ததைக் காட்டுகிறது. அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் இன்னும் கடுமையாகப் பட்டினி கிடந்தால் 100க்கு வந்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். ஒல்லியாக இருப்பதும் இந்த நோயில் கவசம் ஆகாது. எஃப்ஹெச் உள்ளவர்களில் ஒல்லியானவர்கள் நிறைய. அதனாலேயே அவர்களுக்குப் பரிசோதனை செய்யும் எண்ணமே யாருக்கும் வருவதில்லை.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்கிறீர்கள். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

எல்டிஎல் 248 என்ற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை வருடமாக 248 என்று பாருங்கள். இறைச்சியும் எண்ணெயும் சாப்பிட்டு 50 வயதில் கொலஸ்ட்ரால் ஏறியவர் இருக்கிறார். பிறந்த நாளிலிருந்தே ஏறியிருப்பவர் நீங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 248ஐ 34 வருடத்தால் பெருக்கினால் சுமார் 8,400. எல்டிஎல் 110 உள்ள ஒருவர் அந்தக் கணக்கை எட்ட 76 வயதாக வேண்டும். சிறுவயதில் உங்கள் அளவு சற்றுக் குறைவாக இருந்திருக்கலாம், நோய் வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆகவே இது துல்லியமான ஜோசியமல்ல. ஆனாலும் உங்கள் தமனிகள் உங்கள் வயதில் இல்லை என்பது தெரிகிறதல்லவா? அப்பாவுக்கு 44இல் வந்ததும் அண்ணனுக்கு 41இல் வந்ததும் கெட்ட நேரத்தால் அல்ல. இந்தக் கணக்கு அந்த வயதில்தான் கணிசமாகச் சேருகிறது.

அந்த வருடங்களில் உள்ளே நடப்பது இதுதான். ரத்தத்தில் அதிகமாக இருக்கும் எல்டிஎல் துகள்கள் தமனியின் உள்சுவருக்குள் நுழைந்து தங்கிவிடுகின்றன. அங்கே வேதிமாற்றம் அடைகின்றன. அவற்றைத் தின்ன வரும் வெள்ளை அணுக்கள் கொழுப்பால் நிறைந்து அங்கேயே கிடந்து சாகின்றன. அழற்சி உண்டாகிறது, நார்த்திசு மூடுகிறது, கால்சியம் சேருகிறது. சுவருக்குள் ஒரு படிவு வளர்கிறது. தமனி முதலில் வெளிப்பக்கமாக விரிந்து கொடுப்பதால், பல வருடங்கள் ரத்த ஓட்டம் குறையவே குறையாது. நடக்கலாம், ஓடலாம், ஒன்றும் தெரியாது. ஒரு நாள் அந்தப் படிவின் மேல்மூடி கிழிகிறது. அதன்மேல் சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து தமனியை அடைக்கிறது. அதுதான் மாரடைப்பு. பாதி அளவுகூடக் குறுகாத தமனியிலும் இது நடக்கும். போன வாரம் டிரெட்மில் பரிசோதனையில் நன்றாக ஓடியவருக்கு இந்த வாரம் மாரடைப்பு வருவது இப்படித்தான்.

எஃப்ஹெச் அதிகம் தாக்குவது இதயத் தமனிகளை. கால்களுக்குப் போகும் தமனிகளிலும் அடைப்பு வரலாம். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுவது அதன் அடையாளம். பக்கவாதத்தோடு இதற்கு உள்ள தொடர்பு அவ்வளவு வலுவானதல்ல. சிகிச்சை எடுக்காத எஃப்ஹெச் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வந்துவிடுகிறது. பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு 60 வயதுக்குள். நீங்கள் பெண் என்பதால் பத்து வருடம் போலக் கூடுதல் அவகாசம் இருக்கிறது, அவ்வளவுதான். இணையத்தில் வயது, அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாம் போட்டு "பத்தாண்டு அபாயம் 1 சதவீதம்" என்று காட்டும் கணிப்பான்கள் உங்களுக்குப் பொருந்தாது. பிறவியிலிருந்தே கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்களுக்காக அவை செய்யப்படவில்லை. அதைப் பார்த்து நிம்மதி அடைந்தவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் நிம்மதி போய்விடுகிறது.

ஆகவே, ஆம், மாத்திரை அவசியம். உங்கள் டாக்டர் சொன்னது சரி.

ஸ்டாட்டின் கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கிறது. தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கல்லீரல் கூடுதல் ஏற்பிகளைச் செய்கிறது, முக்கியமாகப் பழுதில்லாத அந்த இன்னொரு மரபணுப் பிரதியிலிருந்து. அதாவது உங்களுக்குக் குறைவாக இருப்பது எதுவோ அதையே கூட்டுகிற மருந்து இது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1987 முதல் இந்த வகை மருந்துகள் சந்தையில் இருக்கின்றன. பயப்படும்படியான புதுச் சரக்கு அல்ல. வீரியமான ஸ்டாட்டின் முழு அளவில் எடுத்தால் எல்டிஎல் ஏறக்குறைய பாதியாகும். உங்களுக்கு 248இல் பாதி 124. ஐரோப்பிய வழிகாட்டுதல்கள், உங்களைப்போல எஃப்ஹெச் இருந்து இன்னும் இதய நோய் வராதவருக்கு, வேறு அபாயமும் இல்லையென்றால், 70க்குக் கீழே கொண்டுபோகச் சொல்கின்றன. அண்ணனுக்கு 55க்குக் கீழே. ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம்தான். அதனால் அளவை ஏற்றிக்கொண்டே போகாமல், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸெடிமைப் மாத்திரையைச் சேர்ப்பது புத்திசாலித்தனம். அது இன்னும் 15 முதல் 20 சதவீதம் குறைக்கும். அப்படியும் போதாவிட்டால் ஊசி மருந்துகள் இருக்கின்றன. அண்ணனுக்கு அது தேவைப்படலாம்.

அந்த ஊசிகளுக்குப் பின்னால் இருக்கும் ஆராய்ச்சியை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. 2003இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள், பிசிஎஸ்கே9 புரதம் அளவுக்கு மீறி வேலை செய்வதால் எஃப்ஹெச் வந்த குடும்பங்களைக் கண்டார்கள். சரி, அதே புரதம் பிறவியிலிருந்தே வேலை செய்யாமல் இருந்தால்? அமெரிக்காவில் ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் தேடினார்கள். 2006இல் வெளியான அவர்களது ஆய்வில், அப்படிப்பட்ட மரபணு மாற்றம் உள்ள கறுப்பின மக்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவாக இருந்தது. இதய நோயோ 88 சதவீதம் குறைந்திருந்தது. நடுவயதில் மாத்திரை போட்டு அதே 28 சதவீதத்தைக் குறைத்தால் இவ்வளவு பலன் கிடைக்காது. பிறந்ததிலிருந்து குறைவாக இருந்ததுதான் வித்தியாசம். சீக்கிரம் தொடங்குங்கள் என்று நாங்கள் நச்சரிப்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. இந்தப் புரதத்தைத் தடுக்கும் எவோலோகுமாப், அலிரோகுமாப் ஊசிகள் 2015இல் அனுமதி பெற்றன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் இன்கிளிசிரான் அதற்குப்பின் வந்தது.

பக்கவிளைவு? சிலருக்குத் தசை வலி வரும். உண்மைதான். ஆனால் ஒரே நோயாளிகளுக்குச் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த சாம்சன் ஆய்வில், ஸ்டாட்டினோடு வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரையோடும் வந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமல்ல. வலி வந்தால் உடனே நிறுத்தாமல் டாக்டரிடம் போனால், அளவை மாற்றியோ வேறு ஸ்டாட்டின் கொடுத்தோ பெரும்பாலும் சமாளிக்க முடியும் என்பதுதான். சிறுநீர் கறுத்துப்போய்க் கடும் தசை வலி வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே காட்டுங்கள். அது மிக அரிது. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு லேசாகக் கூடுகிறது, பெரும்பாலும் ஏற்கெனவே அதன் விளிம்பில் இருப்பவர்களுக்கு.

நீங்கள் எழுதாத ஒன்றை நானே கேட்கிறேன். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும்போது பொதுவாக ஸ்டாட்டினை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வோம். தெரியாமல் கரு தரித்துவிட்டால் பதற்றப்பட வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சில மாத இடைவெளியால் ஒரு ஆயுளின் சிகிச்சை கெட்டுவிடாது.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனையையும் சேர்க்கச் சொல்லுங்கள். 1963இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்த இன்னொரு பரம்பரைத் துகள் அது. ஐந்தில் ஒருவருக்கு அதிகமாக இருக்கிறது. உணவு, உடற்பயிற்சி, ஸ்டாட்டின் எதற்கும் அது அசையாது, ஆகவே ஆயுளில் ஒரு முறை பார்த்தால் போதும். எஃப்ஹெச்சோடு அதுவும் சேர்ந்திருந்தால் எல்டிஎல்லை இன்னும் கறாராக இறக்க வேண்டும். பரம்பரைக் கொழுப்புக் கோளாறுகளில் டிரைகிளிசரைடு ஆயிரத்தைத் தாண்டும் வகையும் உண்டு. ரத்தம் பால் போலக் கலங்கியிருக்கும். அவர்களுக்கு முதல் ஆபத்து இதயத்துக்கு அல்ல, கணையத்துக்கு. உங்களுக்கு 118தான், அந்தக் கவலை வேண்டாம்.

இனி பிள்ளைகள். இரண்டு பேருக்கும் பார்க்க வேண்டும், தாமதிக்காமல். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 50 சதவீத வாய்ப்பு. ஒருவருக்கு வந்துவிட்டதால் இன்னொருவர் தப்பித்துவிட்டார் என்று கிடையாது. குழந்தைக்குப் பட்டினி போட்டு ரத்தம் எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. எல்டிஎல் 160ஐத் தாண்டினால், உங்கள் குடும்ப வரலாறு இருக்கும்போது, எஃப்ஹெச் என்றே எடுத்துக்கொள்வோம். மரபணுப் பரிசோதனை செய்ய வசதியிருந்தால் முதலில் உங்களுக்கோ அண்ணனுக்கோ செய்யுங்கள். பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகளுக்கு உண்டா இல்லையா என்று ஒரே பதிலாகக் கிடைக்கும். எதுவும் அகப்படவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. அவர்களின் அப்பாவுக்கும் ஒரு முறை கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள். இரு பக்கமும் இருந்தால், இரண்டு பிரதியும் பழுதான குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தக் கடுமையான வகையில் எல்டிஎல் பெரும்பாலும் 400க்கு மேல் போகும், மாரடைப்பு பள்ளிப் பருவத்திலேயே வரலாம்.

பிள்ளைக்கு இருப்பது உறுதியானால் எட்டு முதல் பத்து வயதுக்குள் ஸ்டாட்டின் தொடங்குவது வழக்கம். 9 வயதுக் குழந்தைக்கு மாத்திரையா என்று மனம் கலங்கும். நெதர்லாந்தில் சிறுவயதிலேயே ஸ்டாட்டின் தொடங்கிய எஃப்ஹெச் பிள்ளைகளை 20 வருடம் தொடர்ந்து பார்த்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 39 வயதுக்குள் இதய ரத்தக்குழாய் நோய் வந்தது அவர்களில் 1 சதவீதம் பேருக்கு. அதே நோயுள்ள அவர்களின் பெற்றோருக்கு, அதே வயதுக்குள், 26 சதவீதம். வளர்ச்சியிலோ பருவமடைவதிலோ தடங்கல் தெரியவில்லை. சின்னவனுக்கோ சின்னவளுக்கோ இப்போது 5தான். அளவு தெரிந்தால் போதும், மாத்திரைக்கு அவகாசம் இருக்கிறது. அதுவரை நல்ல உணவு, ஓடி விளையாட்டு. புகைபிடிப்பதன் பக்கமே போகக் கூடாது என்பதைக் கொஞ்சம் வளர்ந்ததும் சொல்லிக்கொண்டே இருங்கள்.

தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பரம்பரை நோய்கள் பலவற்றில், தெரிந்துகொள்வதால் கவலையைத் தவிர வேறெதுவும் கிடைப்பதில்லை. இது அந்த வகையல்ல. அவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புதான். இல்லை என்று தெரிந்தால் அப்பாவின் வயதை நெருங்கும்போது வரும் பயம் போய்விடும். இருந்தால், அண்ணனுக்குக் கிடைக்காத பன்னிரண்டு வருடம் அவருக்குக் கையில் இருக்கிறது. நீங்கள் உபதேசம் செய்தால் கேட்க மாட்டார், என் அனுபவத்தில் அக்கா சொல்லி ரத்தம் கொடுக்க வந்த தம்பிகள் குறைவு. அண்ணன் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது துணைக்கு இவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அங்கேயே ஒரு குப்பி ரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும்.

நீங்கள் போகும்போது இரண்டு ரிப்போர்ட்டுகளையும், ஸ்டென்ட் வைத்தபோது அண்ணனுக்குக் கொடுத்த மருத்துவச் சுருக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன்பு எடுத்த அண்ணனின் பழைய கொலஸ்ட்ரால் அளவு எங்காவது கிடைத்தால் மிக நல்லது. மாரடைப்பு வந்த உடனே எடுத்த அளவு குறைத்துக் காட்டும். மாத்திரை தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி எல்டிஎல் பார்த்து, எஸெடிமைப் சேர்க்க வேண்டுமா என்று அப்போது கேளுங்கள்.